கலக்காத வண்ணங்கள்: மாரிஸ் பிரெண்டர்காஸ்ட்டின் கடற்கரை

1896 கோடையில் பாஸ்டன் மக்களுக்கு ஒரு கடற்கரை கிடைத்தது. கடல் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. ஆனால் நகருக்கு வடக்கே சுமார் எட்டுக் கிலோமீட்டரில் இருக்கும் ரிவியர் கரையை ரயில் தண்டவாளமும் மரக் கொட்டகைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. நில வடிவமைப்பாளர் சார்ல்ஸ் எலியட் வகுத்த திட்டப்படி தண்டவாளம் பின்னுக்கு நகர்ந்தது, கொட்டகைகள் போயின, பிறை போல வளைந்த கரை முழுவதும் பொதுச்சொத்தாயிற்று. அமெரிக்காவின் முதல் பொதுக் கடற்கரை இதுதான் என்பார்கள். பணக்காரர்களின் கோடை மாளிகைகளுக்கு முன்னால் இருந்த கடல்களைப் போல இல்லாமல், ரயில் டிக்கெட்டுக்குக் காசு வைத்திருந்த எவரும் இங்கே வந்து காலை நனைக்கலாம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மாரிஸ் பிரெண்டர்காஸ்ட். வயது 37. கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து தீவில் பிறந்து, சிறுவனாக பாஸ்டனுக்கு வந்து, கடைகளுக்கு விளம்பர அட்டை எழுதிப் பிழைத்தவர். அந்த ஆண்டும் அதையொட்டிய ஆண்டுகளிலும் ரிவியரிலும் நான்டாஸ்கெட் கடற்கரையிலும் அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்களில் வெள்ளை உடை அணிந்த பெண்கள், சிவப்புக் குடைகள், உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறைகளுக்கிடையே தேங்கிய நீரில் அளையும் குழந்தைகள். முகங்கள் அநேகமாக இல்லை. ஒரு தீற்றல் உடம்பு, ஒரு புள்ளி தலை, அவ்வளவுதான். ஆனால் கூட்டம் அசைகிறது.

அமெரிக்காவின் முதல் நவீன ஓவியர்களில் ஒருவராக இன்று இவரை வைக்கிறார்கள். அதற்குச் சொல்லப்படும் விளக்கமும் தயாராக இருக்கிறது: பாரிஸுக்குப் போனார், இம்ப்ரெஷனிசம் கற்றார், தனித்தனி வண்ணப் புள்ளிகளை வைத்தார், தள்ளி நின்று பார்த்தால் நம் கண் அவற்றைக் கலந்துகொள்கிறது. இதில் பாரிஸுக்குப் போனது உண்மை. மற்றதைக் கொஞ்சம் அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு ஓர் அளவுகோலும் கொஞ்சம் கணக்கும் போதும்.

முதலில், கடற்கரையை வரைவது ஏன் கடினம் என்பதைப் பார்த்துவிடுவோம். உச்சி வெயிலில் மணல்மேல் விழும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். குடை நிழலுக்குள்ளும், திறந்த வானம் தெரியும் இடமென்றால், பத்தாயிரம் லக்ஸ் அளவில் ஒளி இருக்கும். நீர்வண்ணப் படத்தை அருங்காட்சியகத்தில் மாட்டினால் அதன்மேல் விழுவது 50 லக்ஸ்தான். இப்போது கணக்கைப் போடுங்கள். நிழலில் கிடக்கும் மணல், தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டாலும், படத்திலுள்ள மிக வெண்மையான உடையைவிட அது எழுபது மடங்குக்கு மேல் பிரகாசமானது. அதாவது, நாம் "அடேயப்பா, என்ன வெயில்!" என்று வியக்கும் அந்த வெள்ளை உடை, ஓவியர் பார்த்த நிழலைவிடப் பல மடங்கு இருண்டது.

போதாததற்கு, காகிதத்தின் வெண்மைக்கும் கறுப்பு வண்ணத்துக்கும் இடையிலுள்ள ஒளி விகிதம் இருபது முப்பது மடங்கைத் தாண்டாது. வெயிலும் நிழலும் கலந்த கடற்கரையில் அந்த விகிதம் ஆயிரத்தைத் தொடும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1870களிலேயே ஒளியியலும் ஓவியமும் பற்றிய தன் சொற்பொழிவுகளில் இந்தச் சிக்கலை விளக்கியிருக்கிறார். ஓவியரால் ஒளியை நகலெடுக்க முடியாது. ஒளிகளுக்கு இடையிலான உறவை மட்டுமே எடுத்துச் சொல்ல முடியும். ஐரோப்பாவில் அரை நூற்றாண்டு முழுவதும் ஓவியர்கள் இந்த ஒரு கணக்கோடுதான் மல்லுக்கட்டினார்கள் என்பது என் எண்ணம். கடற்கரை அவர்களுக்குப் பிடித்த களமானதற்கு விடுமுறைக் கொண்டாட்டம் மட்டும் காரணம் அல்ல.

அந்தக் களத்தை முதலில் பிடித்தவர்களில் ஒருவர் எஜேன் பூதான். 1860களில் பிரான்சின் வடகரையில் த்ரூவில் ஊருக்கு வந்த நாகரிகச் சீமாட்டிகளை அவர் கடற்காற்றில் உட்காரவைத்து வரைந்தார். அவரால் திறந்தவெளிக்கு இழுக்கப்பட்ட இளைஞர் மோனே, 1870இல் அதே த்ரூவிலில் வரைந்த ஒரு சிறிய படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் நிஜமான மணல் துகள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. காற்று அடித்திருக்கிறது, ஈரமான வண்ணம் பிடித்துக்கொண்டிருக்கிறது. படம் கரையில் வைத்தே வரையப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பிரெண்டர்காஸ்ட் 1891இல் பாரிஸுக்கு வந்தபோது இதெல்லாம் பழைய செய்தி. கொலரோசி, ஜூலியான் என்ற இரண்டு தனியார் பயிற்சிக்கூடங்களில் சேர்ந்தார். அங்கே கற்றதைவிடத் தெருவில் கற்றது அதிகம். கனடாக்காரரான ஜேம்ஸ் வில்சன் மோரிஸ் நண்பரானார். கைக்குள் அடங்கும் சின்ன மரப்பலகைகளில் நின்ற இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் குறித்துக்கொள்வது மோரிஸின் பழக்கம். பிரெண்டர்காஸ்ட்டுக்கும் அது தொற்றிக்கொண்டது. தியெப், சான்-மாலோ, தினார் என்று வடகரை ஊர்களில் கடற்கரைக் கூட்டத்தை வரைந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ரிவியரில் அவர் உட்கார்ந்தபோது கைக்குப் பழகிய காட்சியே கண்முன் இருந்தது. ஆட்கள்தான் வேறு.

ஆனால் அவர் பூதானைப் பின்பற்றவில்லை. இதை அளவுகோல் வைத்தே காட்டலாம். நிமிர்ந்து நிற்கும் உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் தொடுவானம் தெரியும். சமமான மணலில் நீங்கள் நிற்கும்போது, உங்கள் உயரமுள்ள இன்னொருவர் பத்தடி தள்ளி நின்றாலும் நூறடி தள்ளி நின்றாலும் தொடுவானக் கோடு அவருடைய கண்ணை ஒட்டியே போகும். பூதானின் படங்களில் தொடுவானம் தாழ்ந்து கிடக்க, மனிதத் தலைகள் அதையொட்டி வரிசையாக நிற்கும். மேலே பாதிக்கு மேல் வானம். அவர் மணலில் நின்று பார்த்தவர். பிரெண்டர்காஸ்ட்டின் கடற்கரைப் படங்கள் பலவற்றில் தொடுவானம் மேல் விளிம்புக்கு அருகே ஏறிவிடுகிறது. தலைகளெல்லாம் அதற்குக் கீழே. ஒன்று அவர் மேட்டிலிருந்து பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்த்ததை மாற்றியிருக்க வேண்டும். எப்படியானாலும் வானம் சுருங்கி, மணலும் நீரும் சுவர் போல நிமிர்ந்து, மனிதர்கள் அந்தச் சுவரில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்படுகிறார்கள். ஆழம் குறைகிறது, கோலம் கூடுகிறது.

இந்த ஏற்பாட்டின் மூலம் ஜப்பான். ஹிரோஷிகே முதலியவர்களின் மரக்கட்டை அச்சுப் படங்களில் உயர்ந்த தொடுவானமும் தட்டையான வண்ணப் பரப்புகளும் சாதாரணம். ஓவியர் விஸ்லர் அதை எடுத்துக்கொண்டார். பின்னர் பொன்னார், வுய்யார் முதலிய பாரிஸ் இளைஞர்கள் 'நபி' என்று தங்களை அழைத்துக்கொண்டு அதை இன்னும் துணிச்சலாகச் செய்தார்கள். ஓவியம் என்பது எதையாவது காட்டுவதற்கு முன்னால் ஒரு தட்டையான பரப்பு என்று அவர்களில் ஒருவரான மோரிஸ் தெனி 1890இல் வாதாடினார். விளம்பர அட்டை எழுதிப் பழகிய ஒருவருக்கு இதில் புரியாத விஷயம் எதுவும் இருந்திருக்காது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரிய வேண்டிய உருவத்தைத் தட்டையாகவும் தெளிவாகவும் வெட்டி வைப்பதுதான் அந்தத் தொழில்.

இனி அந்தப் புள்ளி விவகாரம்.

அது ஓவியர்களிடமிருந்து தொடங்கவில்லை. ஒரு சாயப்பட்டறையில் தொடங்கியது. பாரிஸின் கோபெலின் அரச நெசவுச்சாலையில் 1824இல் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் முன்னால் ஒரு புகார் வைக்கப்பட்டது: கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை, குறிப்பாக நீலம், ஊதா நூல்களுக்கு இடையே வரும்போது வலுவிழந்து தெரிகிறது. சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிறமும் தன் அண்டை நிறத்தின்மேல் தன் எதிர் நிறத்தைச் சாயலாக ஏற்றுகிறது என்று கண்டார். சிவப்பின் பக்கத்தில் சாம்பல் வைத்தால் சாம்பல் சற்றுப் பச்சையாகிறது. சிவப்பின் பக்கத்தில் பச்சையே வைத்தால் இரண்டும் கொழுந்துவிடுகின்றன. 1839இல் அவர் வெளியிட்ட தடித்த நூல் ஓவியர்களின் வேதமானது. ஷெவ்ரல் 102 வயது வரை வாழ்ந்து, தன் விதிகளைத் தன் கொள்ளுப்பேரன் வயதுள்ளவர்கள் கேன்வாஸில் சோதிப்பதையும் பார்த்துவிட்டுத்தான் 1889இல் போனார்.

இரண்டாவது நூல் நியூயார்க்கிலிருந்து வந்தது. கொலம்பியா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஆக்டன் ரூட், 1879இல் நிறவியல் பற்றி எழுதினார். 1881இல் அது பிரெஞ்சுக்குப் போனது. சிறிய வண்ணப் புள்ளிகளை நெருக்கமாக வைத்துத் தொலைவிலிருந்து பார்த்தால் விழித்திரையில் அவை கலக்கும் என்று அதில் இருந்தது. ஜார்ஜ் சரா அதைப் படித்தார்; 1884இல் தொடங்கி 1886இல் காட்சிக்கு வைத்த 'லா க்ராந்த் ஜாத்' ஓவியத்தைப் புள்ளிகளால் நிறைத்தார். ரூட் தாமே நீர்வண்ண ஓவியர். ஆனால் பழைய ரசனைக்காரர். தன் புத்தகத்திலிருந்து கிளம்பிய இந்தப் பிள்ளைகளைப் பார்த்து அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. எப்படியோ, ஓர் அமெரிக்கரின் இயற்பியல் பாரிஸுக்குப் போய் ஓவியமாகி, அமெரிக்க ஓவியர்களுக்கே ஐரோப்பியத் தாக்கமாகத் திரும்பி வந்தது.

இப்போது பிரெண்டர்காஸ்ட்டிடம் புள்ளிகள் கலக்கின்றனவா என்று கேட்போம். நல்ல பார்வையுள்ள கண்ணுக்கு, இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய அவற்றுக்கிடையே சுமார் ஒரு கோண நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, இடைவெளி வேண்டும். அதற்குக் கீழே போனால் கலந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் புள்ளி அந்த அளவுக்குச் சிறுக்க வேண்டுமானால் நீங்கள் பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும். சராவின் பெரிய ஓவியத்துக்கே பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை. பிரெண்டர்காஸ்ட்டின் பிற்கால எண்ணெய் வண்ணப் படத்தில் ஒரு தீற்றல் ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று எடுத்துக்கொண்டால், 34 மீட்டர் போக வேண்டும். கூடத்தின் சுவரை இடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவோம். அங்கிருந்து பார்த்தால் புள்ளி மட்டுமல்ல, படமே தெரியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கண்ணுக்குள் நடக்கும் கலப்பு, கூட்டல் அல்ல, சராசரி. செம்மஞ்சளும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கலந்தால் கிடைப்பது ஒளி வெள்ளம் அல்ல, மங்கிய சாம்பல். சிவப்பும் பச்சையும் கலந்தாலும் அநேகமாக அதே கதி. கலப்பு விளக்கம் உண்மையாக இருந்தால், பின்னால் போகப் போக பிரெண்டர்காஸ்ட்டின் கடற்கரை செத்துப்போக வேண்டும். அவர் படங்கள் பளிச்சென்று இருப்பது வண்ணங்கள் கலக்காமல் இருப்பதால்தான்.

அப்படியானால் வேலை செய்வது ரூட்டின் கலப்பு அல்ல. ஷெவ்ரலின் அண்டை விதி. அந்த விதி நம் உடம்பில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கான முதல் தடயமும், வேடிக்கையைப் பாருங்கள், பிரெண்டர்காஸ்ட் வரைந்த அதே மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரையிலிருந்தே கிடைத்தது. உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் 1930களில் ஹால்டன் ஹார்ட்லைன் குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்தார். அதன் கூட்டுக்கண்ணில் ஆயிரம் வரையிலான சிற்றலகுகள். ஒவ்வொன்றின் நரம்பிழையையும் தனியே பிரித்து மின்துடிப்பை அளக்கலாம். ஓர் அலகின்மேல் ஒளி விழும்போது அது துடிக்கிறது. பக்கத்து அலகின்மேலும் ஒளி விழுந்தால், முதல் அலகின் துடிப்பு குறைகிறது. அதாவது ஒவ்வோர் அலகும் அண்டை அலகை அடக்கி வைக்கிறது. இதனால் கண் மூளைக்கு அனுப்புவது ஒளியின் அளவை அல்ல, அண்டையோடு உள்ள வித்தியாசத்தை. விளிம்புகள் கூர்மையாகின்றன, பரந்த வெளிகள் அடங்குகின்றன. இந்தப் பக்கவாட்டுத் தடுப்பைக் கண்டதற்கும் சேர்த்து 1967இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நண்டில் நடப்பது வெளிச்சம் பற்றிய கணக்கு மட்டுமே. மனிதரில் நிறத்துக்கும் அப்படி ஒரு கணக்கு நடக்கிறது. சிவப்பு–பச்சை, நீலம்–மஞ்சள் என்று எதிரெதிர் இணைகளாகத்தான் நிறத்தை உணர்கிறோம் என்று உடலியலாளர் ஹெரிங் 1870களில் சொன்னார். பின்னர் அத்தகைய எதிர்முனை நரம்பணுக்கள் விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் வழியிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. அண்டை நிறத்தோடு ஒப்பிடும் வேலையில் பெரும்பங்கு மூளையின் பார்வைப் புறணியில் நடக்கிறது. பச்சைக் கடலுக்கு முன்னால் ஒரு சிவப்புக் குடையை வைத்து, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளைக் காகிதத்தை விட்டால், அந்த நரம்பணுக்கள் முழுச் சக்தியோடு வேலை செய்ய ஆரம்பிக்கும். ஒளி போதாத காகிதத்தில் வெயில் அடிப்பது இப்படித்தான்.

வெள்ளைக் காகிதம் என்றேன். நீர்வண்ணத்தில் வெள்ளை பூசப்படுவதில்லை, விடப்படுகிறது. வண்ணம் மெல்லிய படலமாகக் காகிதத்தின்மேல் கிடக்கும். ஒளி அதைக் கடந்து காகிதத்தில் பட்டு மறுபடி அதையே கடந்து வெளியே வரும். இரண்டு முறை வடிகட்டப்படுவதால் நிறம் சுத்தமாக இருக்கிறது. வண்ணமே படாத இடம்தான் படத்தில் மிகப் பிரகாசமான இடம். பிரெண்டர்காஸ்ட்டின் பெண்களின் உடை பல நேரங்களில் தொடாமல் விட்ட காகிதம். ஓரத்தில் ஒரு நீல நிழல்தான் அதை உடையாக்குகிறது. நிழல் ஏன் நீலம்? நேர் வெயில் மறைக்கப்பட்ட இடத்துக்கு ஒளி கொடுப்பது வானம். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளத்தை அதிகம் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. இம்ப்ரெஷனிஸ்டுகள் ஊதா நிழல் வரைந்தபோது விமர்சகர்கள் கண் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். இயற்பியல் ஓவியர்களின் பக்கம் இருந்தது.

1898இல் பிரெண்டர்காஸ்ட் ஒரு புரவலரின் உதவியோடு இத்தாலிக்குப் போனார். வெனிஸில் பழைய ஓவியர் கார்ப்பாச்சியோவின் ஊர்வலக் காட்சிகளில் மயங்கினார். அதைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் நம் கதைக்கு முக்கியமான ஆண்டு 1907. அந்த ஆண்டு மறுபடி பிரான்சுக்குப் போனார். ஓவியர் செஸான் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஜூன் மாதம் பெர்னைம்-ஜூன் காட்சிக்கூடத்தில் செஸானின் நீர்வண்ணப் படங்கள் வைக்கப்பட்டன. இலையுதிர்கால சலோனில் அவருக்கு நினைவுக் கண்காட்சி. செஸானின் நீர்வண்ணங்களில் பாதிக்கு மேல் வெற்றுக் காகிதமாகவே இருக்கும். அங்கங்கே சில பட்டைகள், அவ்வளவில் ஒரு மலை நின்றுவிடும். பார்ப்பவரின் கற்பனைக்கு விட்டுவிடும் அந்த எளிமையைப் புகழ்ந்து பிரெண்டர்காஸ்ட் ஊருக்குக் கடிதம் எழுதினார். மத்தீஸ் கூட்டத்தாரின் அடங்காத வண்ணங்களையும் அதே பயணத்தில்தான் கண்டார். பெரும்பாலான அமெரிக்க ஓவியர்கள் இதையெல்லாம் 1913இல் நியூயார்க் ஆர்மரி கண்காட்சியில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். ஆறு ஆண்டு முன்னதாகவே, அதுவும் 48 வயதில், ஒருவர் தன் கையை மாற்றிக்கொண்டது அபூர்வம்.

மாற்றம் சான்-மாலோ கடற்கரையில் உடனே தெரிந்தது. தீற்றல்கள் குட்டையாகி, தடித்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. மணல் செம்மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் போனது. இந்தப் படங்களோடு 1908 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேக்பெத் கூடத்தில் 'எண்மர்' கண்காட்சியில் கலந்துகொண்டார். ராபர்ட் ஹென்ரி தலைமையிலான அந்தக் குழுவில் பலர் நகரத்துச் சந்துகளை இருண்ட பழுப்பில் வரைந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் இவர் படங்கள் பல விமர்சகர்களுக்கு ஜீரணமாகவில்லை. என்னைக் கேட்டால், அந்த எட்டுப் பேரில் இருபதாம் நூற்றாண்டுக்குள் முதலில் காலடி வைத்தவர் இவர்தான். மற்றவர்கள் புதிய விஷயங்களைப் பழைய முறையில் வரைந்தார்கள்.

கடைசிப் பத்தாண்டில் கடற்கரை ஊர் அடையாளத்தை இழந்தது. 1913இல் வரைந்த 'உலாவும் வழி' போன்ற படங்களில் மரங்கள், குடைகள், பெண்கள், கடல் எல்லாம் நூல் நூலாக நெய்யப்பட்டு நிற்கின்றன. இது ரிவியரா, சான்-மாலோவா என்று கேட்பதில் பயன் இல்லை. தம்பி சார்ல்ஸ் சட்டங்கள் செதுக்கிப் பொன்முலாம் பூசித் தருவார். படச் சட்டத்தின் நிறம் படத்தின் நிறங்களை எப்படி மாற்றும் என்று ஷெவ்ரல் தன் நூலில் தனியாகவே எழுதியிருக்கிறார். சகோதரர்கள் இருவரும் 1914இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தனர். காது கேட்பது குறைந்துபோன மாரிஸ், 1924 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார்.

அவருடைய படைப்புகளின் மிகப் பெரிய தொகுப்பு, சார்ல்ஸின் மனைவி வழங்கிய கொடையால், மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீர்வண்ணங்களை எப்போதும் மாட்டி வைப்பதில்லை. கோபால்ட் நீலம், கேட்மியம் மஞ்சள் போன்ற கனிம நிறமிகள் ஒளியை ஓரளவு தாங்கும். அந்தக் காலத்துப் பூச்சிச் சிவப்பு, வேர்ச் சிவப்பு போன்ற கரிமச் சாயங்கள் வெளுத்துவிடும். அண்டை விதி இங்கேயும் விடாது. குடையின் சிவப்பு வெளுத்தால், நிறமியில் எந்த மாற்றமும் இல்லாத கடலின் பச்சையும் கூடவே சோர்ந்துவிடும். அதனால்தான் 50 லக்ஸ், சில மாதக் காட்சி, பிறகு இருட்டறை.

என்றாவது இவற்றில் ஒன்றின் முன்னால் நிற்க வாய்த்தால், தள்ளிப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காவலர் அனுமதிக்கும் மட்டும் கிட்டே போங்கள். ஒரு சிவப்பையும் அதையடுத்த பச்சையையும், நடுவில் விட்ட வெள்ளைக் காகிதத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.